கலைந்த பட்டாளத்தின் கொடியைத் தேடிக் காப்பது எப்படி? காவிரிப் படுகைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காவிரிப் படுகையில் ‘பட்டாளத்தார் வீடு’ என்று ஊரார் இன்றும் சொல்லும் வீடுகள் உண்டு. அந்த வீட்டிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர் யார், எந்தப் பட்டாளம் என்று கேட்டால் மூன்றாம் தலைமுறைக்கே தெரிவதில்லை. பட்டாளம் கலைந்துவிட்டது. அதில் இருந்தவர்களின் பெயர்கள் எங்கோ ஒரு கோப்பில் கிடக்கின்றன. அந்தப் பட்டாளத்துக்கு ஒரு பட்டுக்கொடி இருந்தது. அதன் முன்னால் நிறுத்தித்தான் புதிதாகச் சேர்ந்த சிப்பாயிடம் சத்தியம் வாங்கினார்கள். அந்தக் கொடி என்ன ஆயிற்று என்று தேடப் புறப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் கொடியை நாம் ஏன் தேட வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதன் கீழே நின்றவர்கள் திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் போனவர்கள் என்பதே என் பதில். அவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கல்லறை இல்லை, படம் இல்லை, கையெழுத்துகூட இல்லை. அவர்கள் எல்லாரும் சேர்ந்து தொட்டு வணங்கிய பொருள் என்று மிஞ்சியிருக்கக்கூடியது அந்தக் கொடி ஒன்றுதான். ஆகவே துணியோடு சேர்த்து, அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற வரிசையையும் காப்பாற்ற வேண்டும். அந்த வரிசை தொலைந்துவிட்டால் எஞ்சுவது ஏலக் கடைக்காரர் மட்டுமே ஆசைப்படும் ஒரு பழம்பட்டு.

முதல் படி: எந்தப் பட்டாளம் என்று உறுதி செய்யுங்கள்

தேடல் பாழாவது பெரும்பாலும் இங்கேதான். வெள்ளைக்காரர் ஆட்சியில் மதராஸ் மாகாணத்துக்கென்று இருந்த மதராஸ் ராணுவத்தில் ஒரே எண் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பட்டாளத்தைக் குறித்தது. 1824-க்கு முன் ஒரு ரெஜிமெண்டுக்குள் பட்டாலியன் என்ற உட்பிரிவுகள் இரண்டு இருந்தன. 1824-ல் அவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனி ரெஜிமெண்டாக்கிப் புது எண் கொடுத்தார்கள். 1895-ல் மாகாண ராணுவங்கள் ஒழிந்து எல்லாம் ஒரே இந்திய ராணுவம் ஆயின. 1903-ல் தலைமைத் தளபதி கிச்சனர் மறுபடியும் எண்களை மாற்றினார். அப்போது மதராஸ் காலாட்படைகள் தங்கள் பழைய எண்ணோடு 60-ஐக் கூட்டிக்கொண்டன. 1922-ல் மீண்டும் கலைத்துச் சேர்த்து, மிஞ்சியவற்றில் பலவற்றை ‘3-வது மதராஸ் ரெஜிமெண்ட்’ என்ற ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தார்கள்.

கொடியில் ரோமன் இலக்கத்தில் 23 என்று தெரிவதாக வைத்துக்கொள்வோம். அது 1824-க்கு முந்தைய 23-ஆ, பிந்தைய 23-ஆ? பிந்தையது என்றால் அதுதான் வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி என்ற காலாட்படை. 1903-ல் அது 83 ஆனது, 1922-ல் 3-வது மதராஸ் ரெஜிமெண்டின் 4-வது பட்டாலியன் ஆனது. முந்தையது என்றால் கதையே வேறு. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்த மூன்று பட்டாலியன்களில் ஒன்று பழைய 23-வது ரெஜிமெண்டைச் சேர்ந்தது. கிளர்ச்சிக்குப் பின் அந்த மூன்றையும் கலைத்துவிட்டார்கள். ஒரே எண்ணுக்குள் இவ்வளவு தூரம் இருக்கிறது.

‘கலைந்தது’ என்ற சொல்லையும் சோதித்துப் பாருங்கள். சில பட்டாளங்கள் அடியோடு போயின. 80-வது கர்நாடிக் இன்ஃபன்ட்ரி முதல் உலகப்போருக்குப் பின் கலைந்தது. படைக்கு வழி அமைத்துக் கொடுத்த மதராஸ் பயனியர்கள் 1933-ல் கலைந்தார்கள். சில பட்டாளங்கள் 1920-களில் கலைந்து, இரண்டாம் உலகப்போரின்போது மறுபடி எழுந்தன. வாலாஜாபாத் பட்டாளத்தின் வாரிசு இன்றைய மதராஸ் ரெஜிமெண்டில் உயிரோடு இருக்கிறது. வாரிசு இருக்கும் பட்டாளம் என்றால் முதல் கடிதம் வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்டல் சென்டருக்குப் போக வேண்டும். பயனியர் என்றால் பெங்களூரில் உள்ள மதராஸ் சாப்பர்கள் (ராணுவப் பொறியாளர் படை) மையத்தில் விசாரியுங்கள். பயனியர் படை கலைந்தபோது ஆட்கள் பலர் அங்கேதான் சேர்ந்தார்கள்.

வீட்டில் பட்டாளத்தின் பெயர் யாருக்கும் தெரியாவிட்டால் பதக்கத்தைக் கேளுங்கள். முதல் உலகப்போர்ப் பதக்கங்களின் விளிம்பில் சிப்பாயின் எண், பதவி, பெயர், பட்டாளம் பொறித்திருக்கும். புளி போட்டுத் துலக்கித் துலக்கித் தேய்ந்திருந்தாலும் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து தெரியும். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் புத்தகம் ஆகியவற்றையும் கேளுங்கள். பழைய வீடுகளில் பத்திரத்தோடு பத்திரமாக டிரங்குப் பெட்டியில் கிடக்கும். ஊர்ப் பள்ளியிலோ சாவடியிலோ ‘இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள்’ என்ற கல்வெட்டு பதித்திருந்தால் அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பட்டாளத்தின் பெயர் இருக்காது. ஆனாலும் எந்த ஊரில் கேட்கலாம் என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

படுகை என்பதால் இன்னொன்றும் உண்டு. இங்கே கொடி நாட்டியவர்கள் ஆங்கிலேயர் மட்டும் இல்லை. தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்களிடம் இருந்தது. நாகப்பட்டினத்தை 1658-ல் பிடித்த டச்சுக்காரர்கள் 1781-ல் இழந்தார்கள். காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. தஞ்சை மராத்திய அரண்மனைக்கும் தனிக் காவலும் ஊர்வலமும் இருந்தன. தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் அவையெல்லாம் முடிவுக்கு வந்தன. சிவப்பில் வெள்ளைச் சிலுவை கண்டால் கோபன்ஹேகன் ஆவணங்களையும், அரண்மனைச் சின்னம் கண்டால் சரஸ்வதி மகால் நூலகத்தில் மராத்தியரின் மோடி எழுத்தில் உள்ள ஆவணங்களையும் நாட வேண்டியிருக்கும். கீழே நான் சொல்வது பெரும்பாலும் மதராஸ் ராணுவக் கொடிக்கு. துணியைப் பேணும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றே.

இரண்டாம் படி: அந்தப் பட்டாளத்துக்குக் கொடி இருந்ததா?

எல்லாப் படைக்கும் கொடி கிடையாது. காலாட்படைக்கு உண்டு. சாப்பர்களுக்குப் பொதுவாக இல்லை. பீரங்கிப் படைக்குப் பீரங்கியே கொடி. ரைஃபிள் ரெஜிமெண்டுகளும் கொடி வைத்துக்கொள்வதில்லை. காலாட்படை ரெஜிமெண்டுக்குப் பொதுவாக இரண்டு கொடிகள் இருக்கும். ஒன்று முழுக்க யூனியன் ஜாக். அது ராஜா அல்லது ராணியின் கொடி. மற்றது ரெஜிமெண்ட் கொடி. அதன் மூலையில் சின்ன யூனியன் ஜாக், தளம் பட்டாளத்தின் சட்டைக் காலரும் கைப்பட்டியும் எந்த நிறமோ அந்த நிறம். 1803-ல் அசாயே போரில் நின்ற பட்டாலியன்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு மூன்றாவதாக ஒரு கௌரவக் கொடியும் கொடுத்தது. மதராஸ் ரெஜிமெண்டின் யானைச் சின்னம் அந்தப் போரிலிருந்து வந்ததுதான்.

‘எங்க தாத்தா ஜெர்மன் சண்டையில இந்தக் கொடியப் புடிச்சுக்கிட்டுப் போனாரு’ என்று வீட்டில் சொன்னால் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 1881-க்குப் பிறகு பிரிட்டிஷ் படைகள் ரெஜிமெண்ட் கொடியைப் போர்க்களத்துக்கு எடுத்துப் போகும் வழக்கம் நின்றுவிட்டது. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கிய 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும் 61-வது பயனியர்களும் அதற்குப் பிந்தைய காலத்தவர்கள்தான். அப்படியானால் அந்த வீட்டில் இருப்பது முகாமில் நட்ட சிறு அடையாளக் கொடியாகவோ, பேண்டு வாத்தியத்தில் தொங்கவிட்ட துணியாகவோ இருக்கலாம். முகாம் கொடி ஏறத்தாழ 46 சென்டிமீட்டர் சதுரம். அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. ஒரு சிப்பாய் வீட்டுக்கு உண்மையில் வந்து சேரக்கூடியது அதுதான். பெரிய பட்டுக்கொடி அநேகமாக அதிகாரியின் கைக்குத்தான் போயிருக்கும். தாத்தா பொய் சொன்னார் என்று அந்த வீட்டில் யாரையும் நினைக்க விட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் படி: கலைந்த அன்று கொடி எங்கே போயிருக்கும்?

போகக்கூடிய வழிகள் சிலதான். அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும்.

முதல் வழி தேவாலயம். கலைந்த பட்டாளத்தின் கொடியையும், புதுக்கொடி வந்ததும் பழையதையும், கண்டோன்மெண்ட் ஆலயத்தில் சாத்தி வைப்பது பிரிட்டிஷ் வழக்கம். சிப்பாய்களில் பெரும்பாலோர் இந்துக்களும் முஸ்லிம்களுமாக இருந்தாலும் கொடி ஆலயச் சுவருக்கே போனது. திருச்சியில் பிஷப் ஹீபர் 1826-ல் அடக்கம் செய்யப்பட்ட புனித யோவான் ஆலயம், கோட்டைப் பகுதியில் மிஷனரி ஸ்வார்ட்ஸ் கட்டிய கிறிஸ்து ஆலயம், தஞ்சாவூரில் சிவகங்கைக் கோட்டைக்குள் உள்ள 1779-ம் ஆண்டு ஆலயம், சென்னைக் கோட்டையில் 1680-ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புனித மரியாள் ஆலயம் ஆகியவற்றில் கேட்கலாம். ‘கொடி இருக்கிறதா’ என்று மட்டும் கேட்டால் ‘இல்லை’ என்ற பதிலோடு திரும்ப வேண்டியதுதான். ஆலயச் சபையின் கூட்டக் குறிப்புப் புத்தகம், சாமான் பட்டியல், சுவரில் கொடிக்கம்பு மாட்டியிருந்த இரும்பு வளையம் இவற்றைக் கேளுங்கள். கொடி போய்விட்டாலும் வளையம் இருக்கும். வளையம் இருந்தால் அதைக் கழற்றிய ஆண்டும் எங்காவது எழுதியிருக்கும்.

இரண்டாவது வழி அதிகாரியின் வீடு. பழைய கொடியைக் கட்டளை அதிகாரி இங்கிலாந்துக்குக் கொண்டுபோவதும், அதிகாரிகள் துண்டு துண்டாகப் பங்கு போட்டுக்கொள்வதும் 19-ம் நூற்றாண்டில் சாதாரணம். அப்படிப் போனவை தலைமுறைகள் கழித்து லண்டன் செல்சியில் உள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்துக்கோ ஏலத்துக்கோ வருகின்றன. அந்த அருங்காட்சியகத்தின் பட்டியலை வீட்டிலிருந்தே இணையத்தில் தேடலாம். பழைய எண், புது எண், பட்டாளப் பெயர் மூன்றையும் தனித்தனியாகப் போட்டுத் தேடுங்கள்.

மூன்றாவது, இந்திய அருங்காட்சியகங்கள். சென்னைக் கோட்டை அருங்காட்சியகம் முதலில் போக வேண்டிய இடம். சுதந்திரத்துக்குப் பிறகும் இருந்த ரெஜிமெண்டுகளின் ‘அரசர் கொடிகள்’ 1950 நவம்பர் 23 அன்று டேராடூன் ராணுவ அகாடமியின் செட்வுட் மண்டபத்தில் வைக்கப்பட்டன. உங்கள் பட்டாளம் அதற்கு முன்பே கலைந்து வாரிசும் இல்லாமல் போயிருந்தால் அங்கே தேடிப் பயன் இல்லை.

நான்காவது வழி நெருப்பும் மண்ணும். நைந்த கொடியை மரியாதையோடு எரித்த, புதைத்த வழக்கமும் உண்டு. தண்டனையாகக் கலைத்த பட்டாளத்தின் கொடியை யாரும் ஆலயத்தில் மாட்டியிருக்க மாட்டார்கள். எரித்த குறிப்பு ஆவணத்தில் அகப்பட்டால் தேடல் அங்கே முடிகிறது. அந்தக் குறிப்பை நகலெடுத்துப் பட்டாளத்தார் வீட்டுக்குக் கொடுங்கள். அவர்களுக்குச் சேர வேண்டிய பதில் அது.

நான்காம் படி: காகிதம்

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மதராஸ் அரசின் ராணுவத் துறை நடவடிக்கைக் குறிப்புகள் 18-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து வரிசையாக இருக்கின்றன. தஞ்சாவூர், திருச்சி மாவட்டப் பதிவேடுகளும் அங்கேயே. அனுமதிக்கு அடையாள அட்டையும் அறிமுகக் கடிதமும் தேவைப்படலாம். முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் ‘கொடி’ என்று தேடினால் எதுவும் அகப்படாது. ஆண்டுவாரி அட்டவணையில் பட்டாளத்தின் எண்ணைப் பிடித்து, கலைப்பு ஆணையின் தேதிக்கு முன்னும் பின்னும் ஓராண்டு பாருங்கள். கலைக்கும்போது துப்பாக்கி எத்தனை, கூடாரம் எத்தனை, எந்தக் கிடங்கில் ஒப்படைத்தார்கள் என்ற கணக்கு வரும். கொடியும் அந்தக் கணக்கில் ஒரு வரியாக வந்திருக்கலாம்.

லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவுகள் மற்றொரு பெரிய கிடங்கு. ராணுவத் துறைக் கோப்புகள் அங்கே இருக்கின்றன. மதராஸ் மாகாண ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளும் உண்டு. கடைசிக் கட்டளை அதிகாரியின் பெயரைப் பிடித்துவிட்டால் அவர் குடும்பம் எங்கே போனது என்று அந்த வழியே தொடரலாம். 1880-களில் அரசு அச்சகம் வெளியிட்ட மதராஸ் ராணுவ வரலாற்றுத் தொகுதிகள் எந்தப் பட்டாளம் எப்போது எங்கே நின்றது என்று சொல்லும். உங்கள் பட்டாளம் எந்த ஆண்டில் திருச்சி கண்டோன்மெண்டில் இருந்தது என்று அதில் கண்டுகொண்டால், எந்த ஆலயத்தின் எந்த ஆண்டுப் புத்தகத்தைக் கேட்பது என்பதும் முடிவாகிவிடும். கலைப்பு அணிவகுப்பை அன்றைய மதராஸ் பத்திரிகைகள் செய்தியாகப் போட்டிருக்கலாம். தேதி தெரிந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். தேதி தெரியாமல் மைக்ரோபிலிம் உருட்டினால் கண்தான் போகும்.

ஐந்தாம் படி: ஊரில் கேட்பது

காகிதத்தை ஓரளவு பார்த்த பிறகே ஊருக்குள் போங்கள். கையில் ஒரு பெயரோ ஆண்டோ இருந்தால்தான் பெரியவர்கள் மனம் திறப்பார்கள். கொடி என்று தொடங்காமல் ஆளைப் பற்றித் தொடங்குங்கள்.

“அப்பாயி, உங்க மாமனார் பட்டாளத்துல இருந்தாங்கன்னு சொன்னாங்க. சுபேதாருங்களா, ஜமேதாருங்களா?”

“அவுரு நாயக்கு தம்பி. அவுங்க அப்பாருதான் சுபேதாரு.”

இந்த ஒரு பதிலில் இரண்டு தலைமுறை கிடைத்துவிட்டது. இதற்குப் பிறகு பெட்டி, படம், பதக்கம் என்று பேச்சு தானாக நகரும். ‘பட்டாளக் கொடி’ என்று மட்டுமில்லாமல் ‘நிஷான்’ என்றும் சொல்லிப் பாருங்கள். ராணுவக் குடும்பங்களில் அந்தச் சொல் புழங்கும். ஆயுத பூஜைக்கு வீட்டில் என்ன வைத்துக் கும்பிடுவார்கள் என்று கேளுங்கள். பழைய வாளோ பெல்ட்டோ துணியோ அந்த ஒரு நாள்தான் வெளியே வரும்.

கேட்டதை அன்றே எழுதுங்கள். சொன்னவர், அவருக்குச் சொன்னவர், தேதி, இடம் எல்லாம் வேண்டும். அனுமதி வாங்கிக் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். விலை பேசாதீர்கள். ‘இதுக்கு என்ன தம்பி கிடைக்கும்?’ என்று அவர்களே கேட்டாலும் தொகை எதையும் வாயால் சொல்லாதீர்கள். சொன்னால் அடுத்த முறை நீங்கள் போவதற்குள் வேறு யாராவது வந்துபோயிருப்பார்கள்.

ஆறாம் படி: துணியைப் படிப்பது

துணி கண்ணில் பட்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். முதலில் பார்வை மட்டும்.

அளவு பாருங்கள். 18-ம் நூற்றாண்டின் பின்பகுதியில் பிரிட்டிஷ் விதிப்படி கொடி ஏறத்தாழ 198-க்கு 183 சென்டிமீட்டர். 1868-க்குப் பிறகு ஏறத்தாழ 114-க்கு 91. கம்பெனிப் படையில் சற்று முன்பின் இருக்கலாம். யூனியன் ஜாக்கின் மூலைவிட்டங்களைப் பாருங்கள். வெள்ளை மட்டும் இருந்து சிவப்புக் கோடு இல்லையென்றால் அது 1801-க்கு முந்தைய வடிவம். அயர்லாந்தின் சிவப்புச் சிலுவை அந்த ஆண்டுதான் சேர்ந்தது. கம்பின் நுனி ஈட்டி முனையா, கிரீடத்தின் மேல் சிங்கமா? சிங்கம் என்றால் 1858-க்குப் பிந்தியது. ஓரத்தில் குஞ்சம் வைத்த வழக்கமும் அதே சமயத்தில் வந்ததுதான். போர்ப் பெயர்கள் வாசிக்க முடிந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணம், அசாயே, மஹித்பூர், ஆவா, சீனா என்ற பெயர்களில் எவை சேர்ந்து வருகின்றனவோ அந்தச் சேர்க்கையே பட்டாளத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எழுத்து உதிர்ந்திருந்தால் அறையை இருட்டாக்கி, டார்ச்சை மேசையோடு மேசையாகச் சாய்த்துப் பிடியுங்கள். பூவேலை நூல் போன இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாக நிழல் போடும். நூல் மூடியிருந்த பட்டு வெயில் படாததால் சுற்றியுள்ளதைவிட நிறம் ஆழமாக இருக்கும். துளையையும் நிறத்தையும் சேர்த்துப் பார்த்தால் மறைந்த எண் மெல்ல மெல்ல உருவாகி வரும். கம்பு செருகிய மடிப்பை உருப்பெருக்கியால் பாருங்கள். பித்தளை ஆணி அடித்திருந்தால் துளையைச் சுற்றிப் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். களிம்பேறிய துளைகள் இருந்தால் அந்தத் துணி நெடுநாள் கம்பில் நின்றது என்று தெரிகிறது. விற்பதற்காகச் செய்த போலியோ என்று சந்தேகம் வந்தால் இந்தத் துளைகளைக் கூர்ந்து பாருங்கள்.

சரிகையையும் பட்டையும் திருபுவனத்து மூத்த நெசவாளர் ஒருவரிடம் காட்டுங்கள். மஞ்சள் பட்டு நூலின் மேல் தங்க முலாம் பூசிய வெள்ளிக் கம்பி சுற்றியதா, செம்புச் சரிகையா, பிற்காலச் செயற்கைச் சரிகையா என்று அவர் கண்ணே சொல்லிவிடும். ஆய்வுக்கூடத்துக்குப் போகும் முன் இந்தப் படுகையில் நமக்கு இருக்கும் பெரிய வசதி இது.

சந்தனம், குங்குமம், எண்ணெய்க் கறை இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். யாரோ ஒரு சிப்பாயோ அவர் வீட்டாரோ அந்தக் கொடியை வணங்கியதற்கான தடம் அது. அந்தத் துணியில் நம் ஆட்களின் கை பட்ட இடம் என்று உறுதியாகச் சுட்டக்கூடியது அதுவாகத்தான் இருக்கும். அழுக்கு என்று நினைத்து அதைத் துடைத்துவிட்டால் எந்தக் கோப்பிலும் அதற்கு மாற்று கிடையாது.

ஏழாம் படி: முதல் நாளில் செய்வதும் செய்யாததும்

துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், உதறாதீர்கள், வெயிலில் காயப்போடாதீர்கள். ஃபெவிகால், செல்லோ டேப், ஸ்டேப்ளர் பின், லேமினேஷன் எதுவும் கூடாது. பட்டின் எடை கூட்ட 19-ம் நூற்றாண்டின் பின்பகுதியில் உலோக உப்புகளில் தோய்த்தார்கள். அப்படிப்பட்ட பட்டு மடிப்பு மடிப்பாக வெடித்துப் பொடியாகும். மடித்தே வந்திருந்தால் அந்த மடிப்பை வீட்டில் விரிக்க முயலாதீர்கள். அப்படியே அடியில் ஒரு அட்டையைச் செருகி, அட்டையோடு தூக்குங்கள்.

படம் எடுங்கள்: முழுதாக, கால்வாசி கால்வாசியாக, பின்பக்கம், ஓரங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோல் இருக்கட்டும். ஃபிளாஷ் வேண்டாம். உதிர்ந்த நூல், பொடி, கூடவே கிடந்த காகிதம், கட்டியிருந்த கயிறு எல்லாவற்றையும் தனித்தனிக் கவரில் போட்டு எண் எழுதுங்கள். கட்டியிருந்த பழந்துணியையும் தூக்கிப் போடாதீர்கள். சில நேரம் அதில்தான் சலவைக் குறி இருக்கும்.

எட்டாம் படி: படுகையின் ஈரத்தோடு வாழ்வது

நம் ஊரில் பட்டுக்கு முதல் எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்குள் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். 65-ஐத் தாண்டினாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். பட்டுக்கு 50 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் நிலையாக இருப்பது நல்லது. நிலையாக என்பதுதான் முக்கியம். பகலில் ஏசி போட்டு இரவில் அணைக்கும் அறை, ஏசியே இல்லாத அறையைவிடக் கெடுதல். ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் பட்டு நீண்டு சுருங்கும். வண்ணம் பூசிய இடம் அதோடு சேர்ந்து வளையாமல் வெடிக்கும்.

வண்ணம் பூசிய கொடியைத் தட்டையாக வையுங்கள். பூவேலை மட்டும் உள்ளதையும் முடிந்தவரை தட்டையாக வைப்பதே நல்லது. இடம் இல்லாவிட்டால் அகலமான குழலில் சுற்றலாம். அட்டைக் குழல் என்றால் அமிலம் கசியாமல் அலுமினியத் தாளைச் சுற்றி அதன் மேல் துணி போட வேண்டும். பிவிசி பைப் வேண்டாம். இடையில் போட அமிலமற்ற டிஷ்யூ தாள் நல்லது. அது கிடைக்கும்வரை காடாத்துணி போதும். கடையிலிருந்து வரும் காடாவில் கஞ்சி இருக்கும். கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சி வரும். கஞ்சி முழுக்கப் போகும்வரை சோப்பு மிச்சமில்லாமல் வெந்நீரில் அலசிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள்.

பெட்டிக்கு மரம் வேண்டாம், பிளைவுட் அறவே வேண்டாம். இரண்டும் அமில ஆவி விடும். பெயிண்ட் நன்றாகக் காய்ந்த இரும்பு பீரோ மேல். கரையானுக்காகச் சுவரிலிருந்து தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் என்ன செய்தது என்று பார்த்தவர்களுக்குக் கூரை ஓட்டின் கீழோ தரைத்தளத்திலோ எதையும் வைக்கத் தோன்றாது. மாடியில், வெளிச்சுவரைத் தொடாத உள் அறை நல்லது.

பாச்சா உருண்டையைத் துணியோடு போடாதீர்கள். வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை பொடித்துத் துணியில் முடிந்து வைக்கும் முறை ஓலைச்சுவடிக்காரர்களுக்குப் பழக்கமானது. பீரோவின் மூலையில் அதை வைக்கலாம். பட்டில் படக் கூடாது, பொடி சிந்தக் கூடாது. பூச்சி ஏற்கெனவே இருந்தால் காற்றுப் புகாத பையில் அடைத்து ஆழ்குளிரில் வைப்பது, ஆக்சிஜனை நீக்குவது என்று முறைகள் உண்டு. வண்ணம் பூசிய பட்டுக்குக் குளிர் ஆபத்து. அதனால் எதையும் நிபுணரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

காட்சிக்கு வைப்பதென்றால் ஒளி 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது ஒளியை அளக்கும் அலகு) மேல் போகக் கூடாது. ஜன்னலோரம் கூடவே கூடாது. சில மாதம் காட்டினால் பல மாதம் இருட்டில் ஓய்வு கொடுங்கள். கடலோரக் காற்றிலும் பட்டு நிற்கும் என்பதற்குச் சென்னைக் கோட்டை அருங்காட்சியகமே சாட்சி. 1947 ஆகஸ்ட் 15 விடியலில் கோட்டையில் ஏற்றிய பட்டு தேசியக் கொடி இன்றும் அங்கே இருக்கிறது.

ஒன்பதாம் படி: நிபுணரிடம் போவது

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-லிருந்து வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் இருக்கிறது. லக்னோவில் உள்ள தேசியப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு ஆய்வகத்துக்கு மைசூரில் ஒரு கிளை உண்டு. மரபுச் செல்வங்களைக் காக்கும் இன்டாக் அமைப்புக்கும் பாதுகாப்பு மையங்கள் இருக்கின்றன. போகும்போது படங்களும் குறிப்புகளும் மட்டும் கொண்டுபோங்கள். அவர்கள் பார்த்துவிட்டுச் சொன்ன பிறகே துணி பயணப்படட்டும். என்ன செய்யப் போகிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். மெல்லிய பட்டு வலையின் இடையில் வைத்துத் தைப்பது திரும்பப் பிரிக்கக்கூடிய முறை. பசை போடுவது அப்படியில்லை. பின்னால் வருபவர் பிரிக்க முடியாத எதற்கும் சம்மதிக்காதீர்கள்.

பத்தாம் படி: சட்டமும் உரிமையும்

100 ஆண்டு கடந்த பொருள் 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். அதை மத்திய அரசும் அது அதிகாரம் கொடுத்த அமைப்பும் தவிர வேறு யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உரிமம் இல்லாமல் அந்த வியாபாரம் செய்யவும் கூடாது. மண்ணுக்குள் புதைந்து கிடைத்ததென்றால் 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆலயத்தில் இருப்பது ஆலயத்தின் சொத்து. ஆயர் அலுவலகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் வளையத்திலிருந்துகூட இறக்காதீர்கள்.

வீட்டில் இருப்பது அந்த வீட்டாருடையது. அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கச் சொல்லி நெருக்காதீர்கள். என் விருப்பம் கேட்டால், அசல் கட்டுப்பாடான அறைக்குப் போவதே நல்லது என்பேன். ஆனால் நன்கொடையா, இத்தனை ஆண்டு இரவலா என்பதைக் குடும்பமே தீர்மானிக்கட்டும். ஒப்பந்தத்தில் இவை இருக்க வேண்டும்: குடும்பத்தின் பெயர் எப்படி வரும், விழாவுக்கு வந்து பார்க்கும் உரிமை, படங்களின் நகல், அருங்காட்சியகம் இடம் மாறினாலோ மூடினாலோ கொடி எங்கே போகும். ஊரில் வைத்துக் கும்பிட ஒரு பிரதி நெய்து கொடுங்கள். திருபுவனத்திலோ கும்பகோணத்திலோ தறிக்குப் பஞ்சமில்லை. பிரதியின் ஓரத்தில் நெய்த ஆண்டைத் தறியிலேயே போடச் சொல்லுங்கள். பின்னொரு காலத்தில் யாரும் அதை அசல் என்று விற்றுவிடக் கூடாது.

கடைசியாக, பெயர்ப்பலகை

பெரும்பாலான காட்சிப் பெட்டிகளில் கட்டளை அதிகாரியின் பெயரும் போர்களின் பெயரும் மட்டுமே இருக்கும். நீங்கள் எழுதும் பலகையில் சுபேதாரின் பெயர், நாயக்கின் பெயர், ஊரின் பெயர் முதல் வரியில் வரட்டும். அடுத்து பட்டாளத்தின் எண்கள் மூன்றும், எந்த ஆண்டு எந்த எண் என்ற குறிப்போடு. அதற்குக் கீழே கொடி கைமாறிய வரிசை. தெரியாத இடத்தில் ‘இடையில் தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். நிரப்பி எழுத வேண்டாம். அந்த இடைவெளியைப் படித்துவிட்டு, தன் வீட்டு டிரங்குப் பெட்டியில் விடையை வைத்திருப்பவர் யாராவது ஒருவர் வரக்கூடும். அதற்காகப் பலகையின் அடியில் தொடர்புகொள்ள வேண்டிய அலுவலகத்தையும், பதிவேட்டு எண்ணையும் போடுங்கள்.

பலகையும் பெட்டியும் தயாரான பின் ஆண்டுக்கு இரண்டு முறை கொடியைப் பார்க்க வேண்டும். புரட்டாசியில் மழைக்கு முன் ஒருமுறை, தை பிறந்து ஈரம் இறங்கிய பின் ஒருமுறை. அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், அதே அளவுகோலோடு படம் எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டு, புதிதாகக் கண்ட கிழிசலையும் புள்ளியையும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். நோட்டின் ஒரு நகல் அந்தப் பட்டாளத்தார் வீட்டிலும் இருக்க வேண்டும்.